புரொஸ்டேட் சுரப்பியின் தீங்கற்ற வளர்ச்சிகள்: புற்றுநோய் என்ற ஐயம் எழும்போது அறிய வேண்டியவை

தமிழில் 'கட்டி' என்னும் சொல் பல பொருள்களைத் தாங்கி நிற்கிறது. சீழ் பிடித்த கொப்புளமும் கட்டி, தோலின் கீழ் உருளும் கொழுப்புத் திரளையும் கட்டி, புற்றுநோயும் கட்டி. மருத்துவர் ஆங்கிலத்தில் வெவ்வேறு சொற்களால் பிரித்துக் கூறுவனவெல்லாம் வீட்டார் வாயிலாகத் தமிழுக்கு வரும்போது பெரும்பாலும் இந்த ஒரே சொல்லாகிவிடுகின்றன. புரொஸ்டேட் சுரப்பியைப் பொறுத்தவரை இதனால் விளையும் குழப்பம் சிறியதன்று. இலங்கையில் வெளியான பாடநூல்களில் 'முன்னிற்குஞ் சுரப்பி' என்று அழைக்கப்படுவதும் இதுவே. வயது முதிர்ந்த ஆண்களுள் மிகப் பலருக்கு இச்சுரப்பி பெருக்கிறது. அப்பெருக்கம் பெரும்பாலும் புற்றுநோய் அன்று. ஆயினும் சில வேளைகளில் அது புற்றுநோயைப் போலத் தோற்றமளிக்கும். குருதிப் பரிசோதனையிலும், வருடல் படத்திலும், நுணுக்குக்காட்டியின் கீழுங்கூட இத்தகைய மயக்கம் நேர்வதுண்டு.

எடுத்துக்காட்டாக, அவுஸ்திரேலியாவில் மகனுடன் வாழும் 68 வயதான ஒருவரைக் கருதலாம். இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழவேண்டியிருப்பதால் அவர் குடும்ப மருத்துவரிடம் செல்கிறார். குருதிப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. அளவு 6.2 என்று வருகிறது. சுரப்பி பெருத்திருக்கக்கூடும் என்றும், வேறு காரணங்களையும் ஆராய வேண்டும் என்றும் மருத்துவர் விளக்குகிறார். உடன் சென்ற மகன் தந்தையின் பக்கம் திரும்பி, "அப்பா, உங்களுக்குக் கட்டி இருக்கலாமாம்" என்கிறார். தந்தை அதனைப் புற்றுநோய் என்றே விளங்கிக்கொள்கிறார். அடுத்த பரிசோதனைக்குச் செல்லவும் மறுக்கிறார்.

மகன் கூறியது முற்றிலும் பிழையன்று. ஆனால் முழுமையானதும் அன்று. ஐயத்துக்கும் உறுதிப்பாட்டுக்கும் இடையில் பல படிகள் உள்ளன. ஒவ்வொரு படியிலும் என்ன கேட்கப்படுகிறது, எந்த விடை எதனைக் குறிக்கிறது என்பதை அறிந்தவர் அஞ்சி நடுவழியில் நிற்கமாட்டார், அலட்சியமாகவும் இருக்கமாட்டார்.

சுரப்பியின் அமைப்பு

புரொஸ்டேட் சுரப்பி ஆண்களுக்கு மட்டுமே உரியது. சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால் அது அமைந்துள்ளது. சிறுநீர் வெளியேறும் வழி இச்சுரப்பியின் நடுவே ஊடுருவிச் செல்கிறது. இளமையில் ஒரு வாதுமைக் கொட்டையின் அளவே இருக்கும் இச்சுரப்பி, விந்துப் பாய்மத்தின் ஒரு பகுதியைச் சுரக்கிறது.

அமெரிக்க நோயியல் அறிஞர் ஜோன் மக்னீல் இச்சுரப்பியை வலயங்களாகப் பிரித்து விளக்கினார். அப்பகுப்பே இன்றும் பயன்பாட்டில் உள்ளது. இங்கு அறிய வேண்டியவை இரண்டு வலயங்கள். சிறுநீர்வழியைச் சூழ்ந்துள்ள உட்பகுதி இடைமாற்று வலயம் எனப்படும். மலக்குடலை ஒட்டிய வெளிப்பகுதி புற வலயம் எனப்படும். வயதோடு வரும் தீங்கற்ற பெருக்கம் இடைமாற்று வலயத்தில் தோன்றுகிறது. புற்றுநோய்களில் பெரும்பாலானவை, ஏறத்தாழ 70 வீதம், புற வலயத்தில் தோன்றுகின்றன.

இவ்வேறுபாட்டிலிருந்து ஓர் உண்மை பெறப்படுகிறது. தீங்கற்ற பெருக்கம் சிறுநீர்வழியைச் சுற்றி நெரிப்பதால் விரைவில் தொல்லை தருகிறது. புற்றுநோயோ பெரும்பாலும் வழியிலிருந்து விலகிய பகுதியில் வளர்வதால், தொடக்க காலத்தில் எவ்வித அறிகுறியும் காட்டாதிருக்கலாம். எனவே சிறுநீர்த் தொல்லை இருப்பதால் மட்டும் புற்றுநோய் உண்டு என்று கொள்ள முடியாது. தொல்லை இல்லாமையால் புற்றுநோய் இல்லை என்று உறுதிகூறவும் முடியாது.

வயதோடு வரும் பெருக்கம்

50 வயது முதல் 60 வயது வரையிலான ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சுரப்பியில் தீங்கற்ற பெருக்கத்தின் அடையாளங்கள் காணப்படுகின்றன. 80 வயதைக் கடந்தவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு அது உண்டு. அனைவருக்கும் தொல்லை ஏற்படுவதில்லை. ஏற்படும்போது அதன் அறிகுறிகள் வருமாறு:

- இரவில் பன்முறை சிறுநீர் கழிக்க எழுதல்
- சிறுநீர் வரத் தாமதித்தல், தாரை மெலிதல், விட்டுவிட்டு வருதல்
- கழித்த பின்னும் சிறுநீர்ப்பை முற்றாகக் காலியாகவில்லை என்ற உணர்வு
- திடீரென அவசரம் தோன்றுதல், கழித்து முடிந்த பின் சொட்டுதல்

தீங்கற்ற பெருக்கம் காலப்போக்கில் புற்றுநோயாக மாறுவதில்லை. இரண்டும் வெவ்வேறு நிலைகள். ஆனால் இரண்டும் முதுமையிலேயே மிகுதியாகக் காணப்படுவதால், ஒரே சுரப்பியில் இரண்டும் சேர்ந்திருக்க இடமுண்டு. ஒன்றைக் கண்ட பின்னும் மற்றொன்றை மருத்துவர் தேடுவது இதனாலேயே.

முதற்படி: குருதிப் பரிசோதனை

பி.எஸ்.ஏ. என்பது புரொஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதம். நலமான கலங்களும் புற்றுநோய்க் கலங்களும் இதனை உண்டாக்குகின்றன. ஆகவே இது சுரப்பியின் நிலையைக் காட்டும் அளவேயன்றி, புற்றுநோயை மட்டும் காட்டும் அளவு அன்று. பின்வருவன யாவும் இவ்வளவை உயர்த்தக்கூடும்:

- சுரப்பியின் தீங்கற்ற பெருக்கம்
- சுரப்பியில் ஏற்படும் அழற்சி
- சிறுநீர்த் தொற்று
- சிறுநீர் அடைப்பும், அதற்காகக் குழாய் செலுத்தப்படுவதும்
- பரிசோதனைக்கு முந்திய இரண்டு நாட்களுக்குள் விந்து வெளியேறுதல் அல்லது கடுமையான மிதிவண்டிப் பயிற்சி

பி.எஸ்.ஏ. உயர்வு காரணமாகச் சுரப்பியிலிருந்து இழையம் எடுத்துச் சோதிக்கப்பட்ட ஆண்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே புற்றுநோய் காணப்பட்டது என்பது நெடுங்கால அனுபவம். எஞ்சியோரின் உயர்வுக்கு மேற்கூறிய காரணங்களே அடிப்படை.

அவுஸ்திரேலியாவில் 2016ஆம் ஆண்டு வெளியான வழிகாட்டல், பரிசோதனையின் நன்மை தீமைகளை அறிந்து அதனை விரும்பும் 50 முதல் 69 வயது வரையிலான ஆண்களுக்கு, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இப்பரிசோதனையைப் பரிந்துரைத்தது. தந்தைக்கோ உடன்பிறந்த சகோதரருக்கோ இந்நோய் இருந்திருப்பின் முன்னதாகவே தொடங்க வேண்டும் என்றும் கூறியது. அளவு 3.0ஐத் தாண்டினால், ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குள் மீண்டும் சோதிக்க வேண்டும் என்பது அதன் அறிவுரை. வழிகாட்டல்கள் காலத்துக்குக் காலம் புதுப்பிக்கப்படுவதால், நடைமுறையிலுள்ள அறிவுரையைக் குடும்ப மருத்துவரிடம் கேட்டறிவது நன்று.

இரண்டாம் பரிசோதனையைத் தவறவிடலாகாது. முதல் உயர்வு தற்காலிகமானதா, நிலைத்திருப்பதா என்பதை அதுவே காட்டுகிறது. சிறுநீர்த் தொற்று இருந்திருப்பின், அது குணமான பின் ஏறத்தாழ ஆறு வாரங்கள் கழித்தே சோதிக்க வேண்டும்.

மருந்துகள் பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவை. சுரப்பியைச் சுருக்குவதற்காகத் தரப்படும் பினாஸ்டரைட், டியூட்டாஸ்டரைட் ஆகிய மருந்துகள், தொடர்ந்து உட்கொள்ளப்படும்போது பி.எஸ்.ஏ. அளவை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கின்றன. தலைமுடி உதிர்வுக்கும் பினாஸ்டரைட் பயன்படுத்தப்படுகிறது. இவற்றை உட்கொள்பவர் அதனை மருத்துவரிடம் கூறாவிடின், உண்மையில் உயர்ந்திருக்கும் அளவு இயல்பானதாகத் தோன்றிவிடும். ஊரிலிருந்து கொண்டுவந்த மருந்துகள், பிறர் தந்த மருந்துகள் யாவற்றையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இரண்டாம் படி: எம்.ஆர்.ஐ. வருடல்

மேற்கூறிய 68 வயதானவர், மருத்துவமனையின் மொழிபெயர்த்துரைப்பாளர் வாயிலாக மீண்டும் விளக்கம் பெற்று, இரண்டாம் பரிசோதனைக்கு இணங்குகிறார் எனக் கொள்வோம். அளவு 5.8 என்று வருகிறது. குடும்ப மருத்துவர் அவரைச் சிறுநீரியல் நிபுணரிடம் அனுப்புகிறார். நிபுணர் எம்.ஆர்.ஐ. வருடலுக்கு எழுதித் தருகிறார். 2018 ஜூலை முதலாம் திகதியிலிருந்து, குறித்த தகுதிகளுக்கு உட்பட்டு, புரொஸ்டேட் எம்.ஆர்.ஐ. வருடலுக்கு மெடிக்கெயர் கழிவு வழங்கப்பட்டு வருகிறது.

வருடல் இரண்டு செய்திகளைத் தருகிறது. ஒன்று, சுரப்பியின் கனவளவு. அவருடைய சுரப்பி 70 மில்லிலீற்றர். இயல்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பெரிய சுரப்பி கூடுதலான பி.எஸ்.ஏ. உண்டாக்குவது இயற்கை. ஆகவே மருத்துவர்கள் பி.எஸ்.ஏ. அளவைக் கனவளவால் வகுத்துப் பார்ப்பர். 5.8ஐ 70ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.08. இவ்விகிதம் 0.15க்குக் குறைவாக இருப்பின் ஐயம் தணிகிறது. ஆனால் முற்றாக நீங்கிவிடுவதில்லை.

மற்றொன்று, ஐயத்துக்குரிய இடம் எதுவும் தென்படுகிறதா என்பது. பை-ராட்ஸ் எனப்படும் முறையில் ஒவ்வோர் இடமும் 1 முதல் 5 வரை மதிப்பிடப்படுகிறது. 1 என்பது புற்றுநோய்க்கு மிகக் குறைந்த வாய்ப்பையும், 5 என்பது மிகக் கூடிய வாய்ப்பையும் குறிக்கும். இவை வாய்ப்பின் அளவுகள். புற்றுநோயின் கட்டங்கள் அல்ல. "நாலு" என்று கேட்டவுடன் நான்காம் கட்டப் புற்றுநோய் என்று கலங்குவோர் உளர். இரண்டு எண்களுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.

படத்தில் தீங்கற்றவை புற்றுநோய் போலத் தோன்றும் இடங்கள் பல. இடைமாற்று வலயத்தின் பெருக்க முடிச்சுகளில் தசைநார் மிகுந்தவை கருமையாகத் தெரியும். புற்றுநோயும் அவ்வாறே கருமையாகத் தெரியும். பழைய அழற்சியின் வடுக்களும், சுருங்கிப்போன சுரப்பிப் பகுதிகளும் இத்தகைய நிழல்களைத் தருகின்றன. எடுத்துக்காட்டில் வரும் பெரியவருக்கும் இடைமாற்று வலயத்தில் ஓரிடம் 4 என்று மதிப்பிடப்படுகிறது. படத்தை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூற இயலாது. அடுத்த படி தேவைப்படுகிறது.

மூன்றாம் படி: இழையப் பரிசோதனை

பயொப்ஸி எனப்படும் இழையப் பரிசோதனையில் மெல்லிய ஊசி கொண்டு சுரப்பியிலிருந்து நூல் போன்ற துணுக்குகள் எடுக்கப்படுகின்றன. விதைப்பைக்கும் மலவாசலுக்கும் இடைப்பட்ட தோலின் வழியே எடுக்கும் முறையில் தொற்று அபாயம் குறைவு. அத்துணுக்குகள் மெல்லிய சீவல்களாக வெட்டப்பட்டு, சாயமூட்டப்பட்டு, நோயியல் மருத்துவரால் நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராயப்படுகின்றன. புற்றுநோய் உண்டா இல்லையா என்பதை உறுதிசெய்யும் இடம் இதுவே.

இங்கும் மயக்கம் நேரலாம். நோயியல் மருத்துவர்கள் எச்சரிக்கையோடு நோக்கும் தீங்கற்ற மாற்றங்களுள் முக்கியமானவை வருமாறு:

நெருங்கிய சிறு சுரப்பித் திரள். மருத்துவத்தில் 'அடினோசிஸ்' எனப்படுவது. பெரும்பாலும் இடைமாற்று வலயத்தில், தீங்கற்ற பெருக்கத்தின் ஊடே காணப்படும். சிறு சிறு சுரப்பிகள் நெருக்கமாகத் திரண்டிருப்பதால், குறைந்த தரப் புற்றுநோயின் தோற்றத்தை ஒத்திருக்கும்.

சுருக்கம். முதுமையாலும் பழைய அழற்சியாலும் சுரப்பிகள் சுருங்கி, கோணலாகி, கருமையாகத் தோன்றும். முதியோரின் சுரப்பிகளில் இது மிகப் பொதுவானது.

அடித்தளக் கலப் பெருக்கம். சுரப்பிகளின் வெளிப்படையான கலங்கள் பெருகி அடுக்கடுக்காகக் காணப்படும் நிலை.

குருமணி அழற்சி. இவ்வகை அழற்சியில் சுரப்பி கல்போல் இறுகி, பி.எஸ்.ஏ. அளவும் உயர்ந்து, விரலால் தொட்டுப் பார்க்கும் மருத்துவருக்குப் புற்றுநோய் என்றே தோன்றக்கூடும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்காகச் சிறுநீர்ப்பையினுள் பி.சி.ஜி. மருந்து செலுத்தப்பட்டவர்களுக்கு இது ஏற்படுவதுண்டு. அரிதாகக் காசநோயும் இதற்குக் காரணமாகும். இந்தியாவிலோ இலங்கையிலோ வாழ்ந்த காலத்தில் காசநோய் கண்டவர்கள், அது எத்தனை ஆண்டுகளுக்கு முந்தியதாயினும், மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். பழைய நோய் என்று மறைப்பதனால் மருத்துவருக்குத் தேவையான ஒரு தடயமே மறைந்துபோகிறது.

அயல் இழையம். சுரப்பியை அடுத்துள்ள விந்துப்பையின் ஒரு துணுக்கு ஊசியில் சேர்ந்து வரக்கூடும். அதன் கலக் கருக்கள் இயல்பிலேயே பெரியனவாகவும் கருமையாகவும் இருப்பதால் ஐயத்தை எழுப்பும். அக்கலங்களில் காணப்படும் பொன்பழுப்பு நிறமணிகளைக் கொண்டு நோயியல் மருத்துவர் அவற்றை இனங்காண்பார்.

அடித்தளக் கலங்கள் கூறும் சான்று

தீங்கற்றதையும் புற்றுநோயையும் பிரித்தறிய உதவும் முக்கியமான அடையாளம் ஒன்று உண்டு. நலமான ஒவ்வொரு சுரப்பிக் குழிவையும் இரண்டு வரிசைக் கலங்கள் சூழ்ந்திருக்கும். உள்வரிசை சுரக்கும் தொழிலைச் செய்கிறது. வெளிவரிசையில் உள்ளவை அடித்தளக் கலங்கள். இச்சுரப்பியில் வழமையாகத் தோன்றும் புற்றுநோயில் அடித்தளக் கலங்கள் மறைந்துபோகின்றன. உள்வரிசை மட்டுமே எஞ்சும்.

சாதாரணச் சாயத்தில் அடித்தளக் கலங்கள் எளிதில் புலப்படுவதில்லை. ஆகவே ஐயமான இடங்களில் அக்கலங்களை மட்டும் நிறங்காட்டச் செய்யும் சிறப்புச் சாயங்கள் இடப்படுகின்றன. சுரப்பிகளைச் சுற்றி நிறவளையம் தோன்றினால், அது தீங்கற்றது என்பதற்கு வலுவான சான்று. புற்றுநோய்க் கலங்களில் மிகுதியாகக் காணப்படும் மற்றொரு புரதத்தைக் காட்டும் சாயமும் உடன் இடப்படுவதுண்டு.

எனினும் சாயம் மட்டும் தீர்ப்பு வழங்குவதில்லை. அடினோசிஸ் நிலையில் இவ்வளையம் அறுந்தறுந்து காணப்படும். சில குழிவுகளில் இல்லாமலும் போகும். அவற்றை மட்டும் நோக்குபவருக்குப் புற்றுநோய் என்று தோன்றலாம். திரள் முழுவதையும் நோக்கி, கலக் கருக்களின் வடிவத்தையும் ஒப்பிட்டே நோயியல் மருத்துவர் முடிவுக்கு வருகிறார்.

இத்துறை கடந்துவந்த வழியும் இங்கே அறியத்தக்கது. அமெரிக்க மருத்துவர் டொனால்ட் கிளீசன் 1966ஆம் ஆண்டில் புரொஸ்டேட் புற்றுநோயை 1 முதல் 5 வரையிலான அமைப்புகளாகத் தரம் பிரித்தார். அடித்தளக் கலங்களுக்கான சிறப்புச் சாயங்கள் 1980களில் பயன்பாட்டுக்கு வந்தன. அதன்பின், மிகக் குறைந்த தரமாகிய 1 என்று முன்னர் கருதப்பட்டவற்றுள் பல, உண்மையில் புற்றுநோயே அல்ல, அடினோசிஸ் என்னும் தீங்கற்ற நிலையே என்பது தெளிவாயிற்று. இன்று இழையப் பரிசோதனையில் புற்றுநோய் என்று உறுதியாகும்போது வழமையாக இடப்படும் மிகக் குறைந்த கிளீசன் மதிப்பு 6 ஆகும். அந்த 6 என்பது நடுத்தரம் அன்று, வரிசையின் அடிப்படி. அறிக்கைகளில் இதனையே 'முதலாம் தரக் குழு' என்றும் குறிப்பிடுவர்.

அறிக்கையில் காணப்படும் சொற்கள்

நோயியல் அறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். அதில் அடிக்கடி வரும் சொற்களின் பொருள் வருமாறு:

பினைன்: தீங்கற்றது, புற்றுநோய் அல்லாதது.

ஹைப்பர்பிளேசியா: கலங்களின் எண்ணிக்கை பெருகுதல். 'பினைன்' என்னும் சொல்லுடன் வரும்போது தீங்கற்ற பெருக்கத்தைக் குறிக்கும்.

அற்றொபி: சுருக்கம், புற்றுநோய் அன்று.

இன்ஃபிளமேஷன், புரொஸ்டடைட்டிஸ்: அழற்சி.

எற்றிபிக்கல்: இயல்புக்கு மாறான தோற்றமுடையது. இச்சொல் தன்னளவில் புற்றுநோயைக் குறிப்பதன்று. அடினோசிஸ் நிலைக்குரிய மற்றொரு பெயரிலும் இச்சொல் இடம்பெறுகிறது. ஆனால் 'ஐயத்துக்குரிய சிறு சுரப்பிகள்' என்ற பொருளில் வருமாயின், துணுக்கு மிகச் சிறிதாக இருந்ததால் உறுதியாகக் கூற இயலவில்லை என்பது கருத்து. அந்நிலையில் தொடர்ந்த கண்காணிப்போ மீண்டும் ஒரு பரிசோதனையோ தேவைப்படும்.

ஹை கிரேட் பின்: சுரப்பிக் குழிவுகளின் உள்ளே கலங்கள் மாற்றமடைந்துள்ள நிலை. இது புற்றுநோய் அன்று. ஆயினும் கண்காணிப்புக்கு உரியது.

எடினோகார்சினோமா: புற்றுநோய்.

'அடினோசிஸ்', 'எடினோகார்சினோமா' ஆகிய சொற்களின் தொடக்கம் காதுக்கு ஏறத்தாழ ஒன்றாகவே ஒலிக்கிறது. முதலாவது தீங்கற்றது, இரண்டாவது புற்றுநோய். தொலைபேசியில் கேட்ட சொல்லை நம்பி முடிவுக்கு வராமல், அறிக்கையின் பிரதியைப் பெற்று, எச்சொல் எழுதப்பட்டுள்ளது என்று மருத்துவரிடம் நேரில் கேட்டறிய வேண்டும்.

எடுத்துக்காட்டில் வரும் பெரியவரின் துணுக்குகளில் நெருங்கிய சிறு சுரப்பித் திரள் காணப்படுகிறது. சிறப்புச் சாயமிட்டபோது அடித்தளக் கலங்களின் வளையம் அறுந்தறுந்தேனும் தெளிவாகத் தெரிகிறது. அறிக்கை அடினோசிஸ் என்கிறது. புற்றுநோய்க்கான சிகிச்சை எதுவும் அவருக்குத் தேவையில்லை. சிறுநீர்த் தொல்லைக்கு மாத்திரையும், குறித்த இடைவெளியில் பி.எஸ்.ஏ. பரிசோதனையும் விதிக்கப்படுகின்றன. முதல் நாளே அஞ்சி விலகியிருந்தால், இல்லாத நோயைச் சுமந்தபடி அவர் ஆண்டுகளைக் கழித்திருப்பார். இதே ஐயம் வேறொருவரிடத்தில் புற்றுநோயாக முடிந்திருக்கவும் கூடும். அவரும் இதே படிகளின் வழியாகவே, குணப்படுத்தத்தக்க காலத்தில், அதனை அறிந்திருப்பார்.

முடிவு சரியாக இருக்க வேண்டியதன் தேவை

புற்றுநோய்க்காகச் சுரப்பியை அகற்றும் அறுவைச் சிகிச்சையும் கதிர்வீச்சுச் சிகிச்சையும் உயிர்காப்பவை. ஆயினும் அவற்றின் பின் சிறுநீர் அடக்க இயலாமையும் பாலுறவு வலுக்குறைவும் ஏற்படக்கூடும். தேவையற்ற ஒருவருக்கு அச்சிகிச்சை அளிக்கப்படலாகாது. தேவையான ஒருவருக்குத் தாமதிக்கப்படவும் கூடாது. ஆகவே ஐயமான துணுக்குகளை ஒன்றுக்கு மேற்பட்ட நோயியல் மருத்துவர்கள் பார்ப்பது வழக்கம். நோயாளரும் இரண்டாம் கருத்தைக் கேட்கலாம். சோதிக்கப்பட்ட துணுக்குகள் பேணிவைக்கப்படுவதால், மீண்டும் ஊசி ஏற்றாமலே அவற்றை மற்றொரு நிபுணர் பார்வையிட முடியும். இவ்வாறு கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது.

புற்றுநோய் என்று உறுதியானாலும், குறைந்த தரமுடையதாயின் உடனடிச் சிகிச்சையின்றித் தொடர்ந்து கண்காணிக்கும் முறையும் உண்டு. அம்முறையைத் தேர்ந்தவர் குறித்த காலங்களில் பரிசோதனைக்குச் செல்வது இன்றியமையாதது.

தீங்கற்றது என்றாலும் ஒதுக்கிவிடலாகாது

தீங்கற்ற பெருக்கம் உயிருக்கு உலைவைக்கும் புற்றுநோய் அன்று எனினும், கவனிக்கப்படாவிடின் சிறுநீர் முற்றாக அடைபடலாம், தொற்று அடிக்கடி வரலாம், சிறுநீர்ப்பையில் கல் தோன்றலாம், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். சிறுநீர்வழியைத் தளர்த்தும் டம்சுலோசின் போன்ற மருந்துகளும், சுரப்பியைச் சுருக்கும் மருந்துகளும், தேவைப்படின் சிறுநீர்வழியூடாகச் செய்யப்படும் அறுவைச் சிகிச்சையும் உண்டு. தடிமனுக்காகக் கடையில் வாங்கப்படும் மூக்கடைப்பு நீக்கும் மாத்திரைகளும், தூக்கத்தைத் தரும் ஒவ்வாமை மாத்திரைகளும் சிறுநீர் அடைப்பைத் தூண்டக்கூடும். அவற்றை வாங்குமுன் மருந்தாளரிடம் தம் நிலையைக் கூற வேண்டும்.

மாலைக்குப் பின் நீரும் தேநீரும் கோப்பியும் குறைத்தல் இரவுத் தொல்லையைத் தணிக்கும். பகலிலும் நீர் அருந்தாது இருத்தல் தவறு.

மருத்துவரைச் சந்திக்கும்போது

பின்வரும் வினாக்களைத் தமிழில் எழுதி எடுத்துச் செல்லலாம்:

1. இது ஐயமா, அல்லது உறுதியான முடிவா?
2. என் பி.எஸ்.ஏ. அளவு உயர்ந்ததற்குப் புற்றுநோய் அல்லாத காரணம் எதுவும் இருக்கக்கூடுமா?
3. பரிசோதனையை மீண்டும் எப்போது செய்ய வேண்டும்?
4. என் சுரப்பியின் கனவளவு என்ன? ஐயத்துக்குரிய இடம் எந்த வலயத்தில் உள்ளது?
5. இழையப் பரிசோதனை அறிக்கையில் என்ன சொல் எழுதப்பட்டுள்ளது? சிறப்புச் சாயம் இடப்பட்டதா?
6. வேறொரு நோயியல் மருத்துவரின் கருத்தைப் பெற முடியுமா?
7. அடுத்த பரிசோதனை எப்போது? அதை நினைவூட்டுபவர் யார்?

பிள்ளைகளையோ பேரப்பிள்ளைகளையோ மொழிபெயர்க்க அழைத்துச் செல்வதைத் தவிர்ப்பது நன்று. சிறுநீர், பாலுறவு முதலியவற்றைப் பிள்ளைகள் முன் பேசத் தந்தையர் கூசுவர்; கசப்பான செய்தியைத் தந்தையிடம் கூறப் பிள்ளைகளும் தயங்குவர். இருபுறமும் சொல்லப்படாமல் விடுபடுவன பல. தமிழ் மொழிபெயர்த்துரைப்பாளர் ஒருவரைச் சந்திப்பை ஏற்பாடு செய்யும்போதே கேட்கலாம். ஆண் ஒருவரே வேண்டும் என்றும் கேட்கலாம். அவர்கள் இரகசியம் காக்கும் கடப்பாடு உடையவர்கள். உறவினர் துணையாக உடனிருப்பதற்கு இது தடையன்று.

உடனடியாக உதவி நாட வேண்டிய நிலைகள்

- சிறுநீர் சிறிதும் கழிக்க இயலாது, அடிவயிறு வீங்கி வலித்தல்
- சிறுநீரில் குருதி அல்லது குருதிக் கட்டிகள்
- சிறுநீர்த் தொல்லையுடன் குளிர்க் காய்ச்சல். இழையப் பரிசோதனைக்குப் பின் வரும் எந்தக் காய்ச்சலும்

சிறுநீர் முற்றாக அடைபட்டாலோ, குளிர்க் காய்ச்சல் கண்டாலோ, மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உடனே செல்ல வேண்டும். சிறுநீரில் குருதி ஒருமுறை மட்டும் தோன்றி மறைந்தாலும், தாமதியாது மருத்துவரிடம் கூற வேண்டும்.

தொடர்புகளுக்கு

- உயிராபத்தான அவசர நிலை: 000
- டிஸ் நஷனல் மொழிபெயர்த்துரைப்புச் சேவை: 131 450. அழைத்து, 'தமிழ்' என்று மொழியைக் கூறி, பேச வேண்டிய மருத்துவ நிலையத்தின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் தெரிவிக்க வேண்டும்.
- ஹெல்த்டிரெக்ட், தாதியரின் தொலைபேசி ஆலோசனை: 1800 022 222
- கான்சர் கவுன்சில், புற்றுநோய் பற்றிய தகவலும் ஆதரவும்: 13 11 20
- தேசியச் சிறுநீர் அடக்கல் உதவித் தொலைபேசி: 1800 33 00 66

இக்கட்டுரை பொது அறிவுக்காக வழங்கப்படுகிறது. தனிப்பட்ட ஒருவரின் நிலை பற்றிய அறிவுரையைக் குடும்ப மருத்துவரிடமே பெற வேண்டும்.